தேவதைக் கதை வார்ப்பை ஒரு பாத்திரம் உண்மையிலேயே உடைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காத்திருக்கும் இளவரசி, காப்பாற்றும் இளவரசன், கொடுமைக்காரச் சித்தி, இந்த வார்ப்புகளைப் புதிய கதைகள் தலைகீழாக்குவதை எப்படி அலசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்ப்பது இரண்டுதான். சாபத்தை யார் தீர்க்கிறார்கள், தீர்ந்த பிறகு என்ன கிடைக்கிறது. இளவரசி கையில் வாளைக் கொடுத்துவிட்டு இந்த இரண்டையும் பழையபடியே விட்டுவைத்தால் மாறியது வேஷம் மட்டும்தான்.

‘ஃப்ரோஸன்’ (2013) படத்தில் பலரும் பேசுவது ஹான்ஸைப் பற்றி. நல்ல இளவரசன் என்று நம்பியவன் வில்லனாகிவிட்டானே என்று. ஆனால் ரஷ்ய ஆய்வாளர் விளதீமிர் ப்ராப் 1928-லேயே மாயக்கதைப் பாத்திரங்களை அவர்கள் செய்யும் வேலையை வைத்து ஏழாகப் பிரித்தார், அதில் போலி நாயகன், அதாவது நாயகன்போல் நடித்து ஏமாற்றுகிறவன், என்று ஒரு வகையே உண்டு. ஹான்ஸ் அந்த இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறான். எனக்கு ஆச்சரியம் படத்தின் நாயகி, இளவரசி ஆன்னாதான். சாபத்தால் அவள் உடம்பு உறைந்துகொண்டே வருகிறது, தன்னைக் காப்பாற்றும் என்று அவள் நம்பும் முத்தத்தோடு, அவளை நேசிக்கும் கிறிஸ்டாஃப் பனியில் ஓடி வருகிறான், அந்த நேரம் பார்த்து அக்கா எல்சாவின் தலைக்கு மேல் வாள் ஓங்கப்படுவதைப் பார்க்கிறாள், அவனை விட்டுவிட்டு அக்கா பக்கம் ஓடிக் குறுக்கே நிற்கிறாள். சாபம் தீர்வது அதனால். மீட்கப்பட வேண்டியவளே மீட்பவளாகிவிட்டாள், அதுவும் அக்காவுக்காக.

‘ஷ்ரெக்’ (2001) இரண்டாவது கேள்வியில் கை வைக்கிறது. சாபத்தால் இரவில் மட்டும் ராட்சசியாகும் இளவரசி ஃபியோனா, கோபுரத்தில் பூங்கொத்தோடு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு முத்தத்துக்குக் காத்திருப்பாள், மீட்க வந்த ராட்சசன் ஷ்ரெக் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்புவான், அது நல்ல சிரிப்பு, அவ்வளவுதான். விஷயம் கடைசியில் இருக்கிறது. அந்த முத்தம் வருகிறது, ஒளி சூழ்கிறது, அவள் ராட்சசியாகவே எழுந்து நிற்கிறாள், நான் அழகாக மாறியிருக்க வேண்டுமே என்று குழம்புகிறாள். முத்தமும் கல்யாணமும் அப்படியே இருக்கின்றன, அழகு என்ற பரிசை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த ஒன்றிலேயே கதை புரண்டுவிடுகிறது.

அப்புறம், உடைத்தார்கள் என்று சொல்வதற்கு முன் பழைய கதையை ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள், ஏனென்றால் நமக்குத் தெரிந்த வார்ப்பே பல இடங்களில் பின்னால் செதுக்கியது. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய், 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாகிறாள். தவளை இளவரசன் கதையும் அப்படித்தான். கிரிம் கதையில் முத்தமே கிடையாது, படுக்கையில் இடம் கேட்ட தவளையை இளவரசி கோபத்தில் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள், அதில்தான் அவன் இளவரசனாகிறான்.