இஸ்தோப்பில் ஒரு தவறணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. வாழ்நாளின் பெரும்பகுதி கொழுந்து பறித்தவர். ஓய்வு பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள் தவறணையில் (தேயிலை நாற்று வளர்க்கும் இடத்தில்) வேலை செய்தார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் லயத்துப் (தோட்டத்துத் தொடர்வீட்டுப்) படிகளில் இறங்க முடிவதில்லை. காலையில் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நாற்காலி போட்டு அமர்த்தினால் மாலை வரை அதே இடந்தான். தொலைக்காட்சியில் அவருக்கு நாட்டமில்லை. "சும்மா குந்தியிருக்கிறவளுக்குச் சோறு ஒரு கேடா" என்று அடிக்கடி சொல்லுகிறார். அவருக்கு ஏற்ற பொழுதுபோக்கு ஏதாவது சொல்லுங்கள். (வாசகி, ஹட்டன்)

பதில்: சகோதரி, உங்கள் தாயார் பொழுது போகவில்லை என்று வருந்தவில்லை; தாம் எதற்கும் பயன்படவில்லை என்று வருந்துகிறார். இரண்டும் ஒன்றல்ல. மாலையில் தராசில் நிறுத்துக் காட்டிய கொழுந்தைக் கொண்டே தம் நாளை அளந்து பழகியவருக்கு, நேரத்தைக் கழிப்பதற்கென்றே கொடுக்கப்படும் எந்த விளையாட்டும் நான்கு நாள் கூட நிற்காது. எண்ணிப் பார்க்கவும் பிறருக்கு எடுத்துக் கொடுக்கவும் கூடிய ஏதாவது மாலையில் அவர் முன்னே இருக்க வேண்டும்.

அதற்கான வழியை உங்கள் கடிதமே காட்டுகிறது. தவறணை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தவறணையில் பைக்கு மண் நிரப்புவதும், தாய்ச்செடியின் கிளையை ஒரு கணுவும் ஓர் இலையுமாகத் துண்டு போட்டு நடுவதும் நிழலில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலைகள், விதையிலிருந்து அல்லாமல் துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலைக் கன்றுகளை அப்படித்தான் உண்டாக்குகிறார்கள். அந்தப் பழக்கம் அவருடைய விரல்களை விட்டு எங்கும் போயிருக்காது. தேயிலைக்குப் பதிலாகப் பூச்செடிகளையும் கீரைகளையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

முதலில் ஜெரேனியத்தில் தொடங்கலாம். நம்முடைய குளிருக்கு அது நன்றாக வரும். விரல் நீளத் தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காயும்படி அரை நாள் நிழலில் போட்டு வைத்து, பிறகு ஈர மண்ணில் ஊன்றினால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். வண்ண இலைப் பிகோனியாவுக்குத் தண்டு கூட வேண்டாம். இலையின் பின்புறத்துத் தடித்த நரம்புகளை இரண்டு மூன்று இடங்களில் கீறி, ஈர மணலின் மேல் படிய வைத்து ஒரு சிறு கல்லைப் பாரமாக வைத்தால், கீறிய இடங்களிலிருந்தே குட்டிச் செடிகள் கிளம்பும். புதினாவைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வைத்தால் வேர் விடுவதை அவர் நாள்தோறும் பார்க்கலாம். கொத்தமல்லி விதையை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். குளிர்ப் பகுதியில் முளைக்க இரண்டு மூன்று வாரம் கூட ஆகலாம் என்பதால், முளைக்கவில்லையே என்று பத்தாம் நாளில் யாரும் பையைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலை மலை மண் புளிப்புத் தன்மை உடையது. அது தேயிலைக்கு நல்லது. கீரைக்கு அவ்வளவாக ஆகாது. மண்ணில் புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் டொலமைட் தூள் கலந்துவிடுங்கள். இதை நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடவும் கூடும்.

வேலைப் பலகை அவருடைய மடியை விடச் சற்று உயரமாக, முழங்கை இயல்பாக ஊன்றும் மட்டத்தில் இருக்கட்டும். குனிந்து எடுக்கும்படி எதையும் தரையில் வைக்காதீர்கள். பழைய தேயிலைப் பெட்டி இருந்தால் அளவாக இருக்கும், ஆனால் காகிதச் சாக்குகள் வந்த பிறகு அந்தப் பலகைப் பெட்டிகளை எங்கே காண்பது? தண்ணீருக்கு வாளி வேண்டாம். அரை லீற்றர் போத்தலின் மூடியில் ஊசியைச் சூடாக்கி நாலைந்து துளைகள் இட்டுக் கொடுத்தால் தோள் வலிக்காமல் ஊற்றலாம். நட்ட கிழமையைப் பென்சிலால் எழுத அவருக்கு வராவிட்டால் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிற நூலைப் பையில் கட்டட்டும். வேர் பிடித்த கன்றுகளை அயல் லயத்தாருக்குக் கொடுப்பதா, கோயில் திருவிழாவில் விற்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதில் மட்டும் நீங்கள் தலையிட வேண்டாம்.

குளிர்காலத்துக் காலையில் விரல்கள் மரத்திருந்தால் சில நிமிடம் இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். குளிருக்காகக் காம்பராவின் (அறையின்) கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டியை உள்ளே வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தணலிலிருந்து வரும், மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு உறங்குகிறவரை எழவிடாது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியரான என் தந்தைக்குப் பாரிசவாதத்தால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. வாசிப்பே அவருடைய உலகம். இப்போது புத்தகத்தைப் பிடிக்கவும் முடியவில்லை, எழுத்தும் மங்குகிறது என்கிறார். பேரப்பிள்ளைகளின் வர்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தோம், கோபித்துக்கொண்டார். (வாசகர், பண்டாரவளை)

பதில்: கோபித்தது நியாயமே. முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். வெண்புரையாக இருந்தால் அதற்குச் சத்திரசிகிச்சை உண்டு, நாம் யோசிக்கும் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். புத்தகத்தைக் கையில் பிடிக்கத் தேவையில்லை. கோயிலில் தேவாரப் புத்தகம் வைக்கும் சாய்பலகை போன்ற ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்து மேசையில் வைத்தால் இடக்கையால் தாள் புரட்டலாம். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் இதழ்களும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. அகன்ற திரையில் திறந்து எழுத்தை விரும்பிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். தாம் இளமையில் வாசித்த இதழின் அட்டையை மறுபடியும் காணும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. ஐப்பசியை ஒட்டி இந்தியாவிலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்து சேரும் ஆறுமணிக்குருவி, காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கூவுவதால் அப்பெயர் பெற்றது, சித்திரைக்குள் திரும்பிவிடும். ஆளைக் காண்பது அரிது, குரல் தவறாது. அதை முதன்முதலில் கேட்ட நாளையும் மணியையும் இடக்கையால் ஒரு கொப்பியில் குறித்து வைக்கும்படி கேளுங்கள். வரவுப் பதிவேடு எழுதிய ஆசிரியருக்கு இந்த வேலை பிடிக்கும் என்றே நினைக்கிறேன். இடக்கை எழுத்து கோணலாக வந்தால் யாரும் திருத்த வேண்டாம்.

கேள்வி: என் தாத்தா காமன் கூத்தில் பாடியவர், தப்பும் அடிப்பார். நீரிழிவினால் ஒரு காலை எடுத்த பிறகு எதிலும் ஆர்வமில்லாமல் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். பாடுங்கள் என்றால், "எல்லாம் மறந்துபோச்சு" என்கிறார். (வாசகர், பதுளை)

பதில்: தம்பி, மறந்திருக்காது. பாடு என்று கேட்டால் பாட்டு வராது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்த ஓரடியைத் தப்பாகப் பாடுங்கள். கூத்துக்காரர் எதைப் பொறுத்தாலும் பிழையான அடியைப் பொறுக்கமாட்டார். அவர் திருத்தத் தொடங்கியதும் உங்கள் கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கட்டும், ஆனால் அதை ஒளித்து வைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். மழை நாளில் வேண்டாம். தகரக் கூரையின் இரைச்சலில் குரல் எடுபடாது.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகள். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களில் முதன்மையானவர், 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. உங்கள் தாத்தாவின் ஊரில் ஓரடி வேறு விதமாக இருந்தால் அது பிழையல்ல, அதையும் அப்படியே பதியுங்கள். மாசியில் காமன் கம்பம் ஊன்றும் நாளை முன்னிட்டு ஒத்திகை என்ற பெயரில் நாலு இளைஞர்களை வீட்டுக்கு அழைத்து வந்தால் அவர் நாற்காலியிலிருந்தபடியே வாத்தியார் ஆகிவிடுவார். தப்பை அவருடைய மடியில் வையுங்கள். நம் ஈரக்காற்றில் தோல் தொய்ந்திருக்கும்; சருகு கொளுத்திக் காய்ச்ச வேண்டும் என்பதும், எந்த அளவுக்குக் காய்ச்ச வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். நெருப்பு மூட்டுவது உங்கள் வேலை.

கேள்வி: எனக்கு 80 வயது. நாங்கள் நான்கு பேர் பல ஆண்டுகளாக 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிறோம். இப்போது கை நடுக்கத்தால் கடதாசிகள் விழுகின்றன, மற்றவர்கள் என் துரும்புச் சீட்டைக் கண்டுவிடுகிறார்கள். விளையாட்டை விட்டுவிடலாமா? (வாசகி, அப்புத்தளை)

பதில்: அம்மா, விடவே வேண்டாம். ஒரு வீரனுக்கு (ஜாக்) 30, ஒன்பதுக்கு 20 என்று தொடங்கிக் கூட்டி, ஓரினத்துக்கு 76 ஆக நாலினத்துக்கும் 304 என்ற கணக்கை இந்த வயதிலும் மனத்தில் வைத்திருக்கிறீர்களே! துணி தேய்க்கும் புதிய பிரஷ் ஒன்றை வாங்கி, மயிர்ப்புறம் மேலே இருக்கும்படி மேசையில் வையுங்கள். எட்டுக் கடதாசிகளையும் அந்த மயிர்களுக்கிடையில் செருகினால் விசிறிபோல நிற்கும். ஒவ்வொன்றாக உருவி எறியலாம். இரண்டு பக்கத்துக்காரரும் எட்டிப் பார்க்காதிருக்கச் சப்பாத்துப் பெட்டியின் மூடியை வளைத்து மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.