கறுப்பு வட்டத்தைப் பார்க்காதீர்கள் என்று ஏன் சொன்னார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு வயதான என் மகளை மதுரையில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரைப் பார்த்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர், "நீங்களும் ஒரு தடவை சுட்டுப் பாருங்களேம்மா" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வாழ்வில் திருவிழா பலூன் கடையில்கூடத் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

முதல் அரைமணி நேரம் அவர் குண்டே தரவில்லை. வெற்றுத் துப்பாக்கியை வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து விசையை மட்டும் இழுக்கச் சொன்னார். பிறகு பத்துக் குண்டுகள் கொடுத்தார். பறவையின் கண்ணை மட்டும் பார்த்த அர்ஜுனனை நினைத்துக்கொண்டு நான் கறுப்பு வட்டத்தையே உற்றுப் பார்த்தேன். அவரோ "அட்டையைப் பார்க்காதீங்க" என்று மூன்று முறை கடிந்துகொண்டார். இலக்கைப் பார்க்காமல் எப்படிக் குறி பார்ப்பது? கை வேறு நடுங்கிக்கொண்டே இருந்தது. அட்டையின் படத்தை இணைத்திருக்கிறேன். மகள் என்னைவிட நன்றாகச் சுட்டாள். சொந்தமாகத் துப்பாக்கி வாங்கித் தரும்படி இப்போது நச்சரிக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. என் தாத்தா கதர் தவிர வேறு உடுத்தாதவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்குத் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது உண்டான மகிழ்ச்சி, வீடு திரும்பிய பிறகு உறுத்தத் தொடங்கிவிட்டது. நீங்கள் சில ஆண்டுகள் சுடுதளத்துக்குப் போய்வந்ததாக ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

க.,
திண்டுக்கல்

அன்புள்ள க.,

உங்கள் பயிற்சியாளர் நல்லவர். முதல் நாளே கையில் குண்டைக் கொடுத்து, நாலு 'டப் டப்' சத்தத்தைக் கேட்க வைத்து, புகைப்படமும் எடுத்து அனுப்பிவிடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அரைமணி நேரம் வெற்று விசையை இழுக்க வைத்தவர், நீங்கள் மீண்டும் வருவீர்கள் என்று நம்பித்தான் அப்படிச் செய்திருக்கிறார்.

முதலில் அர்ஜுனனை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதை நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. குறி என்றால் கண் இலக்கின் மீது இருக்க வேண்டும் என்பதை நாம் கேள்வி கேட்பதே இல்லை. நீங்கள் சுட்ட ஏர் பிஸ்டலை, அதாவது ஒற்றைக் கையில் பிடித்துச் சுடும் காற்றுத் துப்பாக்கியைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறான அறிவுரை. நம் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவில் உள்ள பொருளை மட்டுமே கூர்மையாகக் காண முடியும். உங்கள் முன்னே மூன்று பொருள்கள் மூன்று தொலைவுகளில் இருக்கின்றன: துப்பாக்கியின் பின்புறம் உள்ள பிளவு, குழலின் முனையில் நிற்கும் சிறிய கறுப்புக் கட்டை, 10 மீட்டருக்கு அப்பால் தொங்கும் அட்டை. இவற்றில் ஒன்றுதான் தெளிவாக இருக்க முடியும் என்றால், அது நடுவில் உள்ள கட்டையாகவே இருக்க வேண்டும். சுடுகிறவர்கள் அதை ஃப்ரன்ட் சைட் என்பார்கள்.

காரணம் எளிய கணக்கு. பின்பிளவுக்கும் முன்கட்டைக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். பிளவுக்குள் கட்டை நடுவில் நிற்காமல் 1 மில்லிமீட்டர் இடது பக்கம் ஒதுங்கிவிட்டால், அந்தப் பிழை 10 மீட்டர் போய்ச் சேரும்போது முப்பது மடங்காகிவிடும். அதாவது குண்டு 3 சென்டிமீட்டர் தள்ளிப் படும். ஏர் பிஸ்டல் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுவளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், கறுப்பு வட்டம் முழுவதும் 59.5 மில்லிமீட்டர். ஆகவே நீங்கள் கவனிக்கவே கவனிக்காத அந்த 1 மில்லிமீட்டர், பத்தை ஏழாக்கிவிடும். மாறாக, கட்டையும் பிளவும் ஒழுங்காகப் பொருந்தியிருக்க, கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தால் குண்டும் அந்த 5 மில்லிமீட்டர்தான் விலகும், 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே மதிப்பெண் உண்டு என்பதால், அது அப்போதும் பத்துதான். நீங்கள் அஞ்சிய நடுக்கம் உங்களுக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யவில்லை. நீங்கள் பார்க்காமல் விட்ட கட்டைதான் கெடுத்தது.

எனவே கறுப்பு வட்டம் சற்று மங்கலாகத் தெரியட்டும். புகைபிடித்த சுவரில் ஒரு கறை போல. கட்டையின் மேல்விளிம்பும் பிளவின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில், இருபுறமும் ஒரே அளவு வெளிச்சக் கீற்று தெரியும்படி நிற்கட்டும். அந்தக் கட்டையைக் கறுப்பின் நடுவிலும் வைக்க வேண்டாம். கறுப்புக்குக் கீழே, கொஞ்சம் வெள்ளை விட்டு நிறுத்துவதுதான் வழக்கம். கறுப்பின் மேல் கறுப்பை வைத்தால் விளிம்பு தெரியாது. குண்டு மேலே போய் நடுவில் படும்படி பின்பிளவின் உயரத்தை முன்கூட்டியே திருகி வைத்திருப்பார்கள். குறி வைக்கும் இடம் வேறு, குண்டு படும் இடம் வேறு என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

இனி நடுக்கம். ஏறத்தாழ ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடித்தால் எல்லோருக்கும் கை அசையும். ஒலிம்பிக் வீரர்களுக்கும் அசையும், அவர்களுடைய அசைவின் வட்டம் சிறியது, அவ்வளவுதான். தொடக்கக்காரர் செய்யும் பிழை நடுங்குவதில் இல்லை. நடுக்கத்தின் இடையே கட்டை சரியான இடத்தைக் கடக்கும் அந்தக் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று விசையைச் சட்டென்று இழுப்பதில் இருக்கிறது. விரல் அவசரமாகச் சுருங்கும்போது உள்ளங்கை முழுவதும் சேர்ந்து இறுகும், மணிக்கட்டு கீழே மடங்கும், குண்டு போய்விடும். வலது கைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கம் போகும். உங்கள் அட்டையைப் பார்த்தேன்: பத்தில் ஏழு துளைகள் அங்கேதான் இருக்கின்றன, அதுவும் ஒரு தோசைக்கரண்டியால் மூடிவிடக்கூடிய அளவு இடத்துக்குள். இதைக் கண்டு நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள், நான் மகிழ்ந்தேன். அட்டை முழுவதும் சிதறியிருந்தால் பத்துப் பிழைகள் என்று பொருள். ஒரே இடத்தில் ஏழு என்றால், ஒரே பிழையை ஏழு முறை செய்திருக்கிறீர்கள். பின்பிளவைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம் என்று பக்கத்தில் நிற்கும் யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். விரலின் பிழையைத் திருகாணியில் போய்த் திருத்தினால் நாளை விரல் திருந்தியதும் குண்டு வலது மேற்புறம் போய் நிற்கும்.

இந்தப் பிழை எனக்கும் இருந்தது. இல்லை என்று நான் சாதித்தேன். அதற்கு எங்கள் பயிற்சியாளர் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன். துப்பாக்கியை அவரே வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடித் திறந்து கையில் கொடுப்பார். உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான்காவது முறை விசையை இழுத்தேன், உள்ளே குண்டில்லை, வெறும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் குழல்முனை, தலையில் குட்டு வாங்கிய பிள்ளை போல, ஒரு விரற்கடை கீழே குனிந்து எழுந்தது. ஏர் பிஸ்டலில் உதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வராத அதிர்ச்சிக்காக நான் முன்கூட்டியே குனிந்திருந்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. மறுபடி துப்பாக்கியை வாங்கிக்கொண்டு முதுகைத் திருப்பினார். உங்களுக்குத் தரப்பட்ட அந்த அரைமணி நேர வெற்றுப் பயிற்சி இதற்காகத்தான். வெள்ளைச் சுவர் எதற்கு என்றால், அங்கே பார்ப்பதற்குக் கறுப்பு வட்டம் இல்லை. கண் வேறு வழியின்றி முன்கட்டைக்கு வந்துசேரும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். துப்பாக்கியை உயர்த்திய பிறகு சுட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏழெட்டு வினாடிகளில் விசை விழவில்லை என்றால் கையை இறக்கி மூச்சுவிட்டு மறுபடி உயர்த்துங்கள். போட்டிகளின் தகுதிச் சுற்றிலேயே 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். குண்டுக்கு 75 வினாடி. கீழே இறக்கிய துப்பாக்கிக்கு மதிப்பெண் குறைவதில்லை. சுட்ட பிறகும் உடனே கையைத் தளர்த்திவிடாமல், கட்டையைப் பார்த்தபடி ஓரிரு வினாடி அப்படியே நில்லுங்கள். குண்டு நொடிக்கு 150 மீட்டர் அளவு வேகத்தில்தான் போகிறது. குழலை விட்டு அது வெளியேறும் முன்பே எங்கே பட்டது என்று எட்டிப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் உண்டு.

இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். உங்கள் மகள் பார்த்த அந்த இறுதிச் சுற்றையே நினைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 28 அன்று மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலத்தோடு வெளியேறியபோது, அவருக்கு அடுத்த மேல்நிலையில் இருந்த கொரிய வீராங்கனை கிம் யேஜியைவிட 0.1 புள்ளிதான் பின்தங்கியிருந்தார். ஏர் பிஸ்டல் அட்டையில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர். ரைஃபிளின் நிலைமை இன்னும் கடுமை. அதில் பத்து என்பதே அரை மில்லிமீட்டர் புள்ளி. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவது அந்தப் புள்ளியைத்தான். பாரிஸில் ஒரு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகேச்சின் படத்தை எல்லோரும் அலட்சியத்தின் அடையாளமாகப் பகிர்ந்துகொண்டார்கள். சும்மா இருக்கும் கை ஆடினால் தோளும் ஆடும் என்பதால் பிஸ்டல் சுடுகிறவர்கள் அதைப் பைக்குள்ளோ இடுப்புவாரிலோ செருகிக்கொள்வது வழக்கம். நீங்களும் அடுத்தமுறை பையுள்ள உடையாகப் பார்த்து அணிந்து செல்லுங்கள்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். இது வெறும் விளையாட்டு, காற்றால் இயங்கும் கருவி, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லி அதைத் துடைத்துவிட நான் விரும்பவில்லை. அரை கிராம் ஈயக்குண்டு அது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். என் முதல் நாளில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது குண்டு கறுப்பில் பட்டுவிட்ட பெருமிதத்தில், பின்னால் பெஞ்சில் அமர்ந்திருந்த நண்பரிடம் அதைச் சொல்ல, துப்பாக்கியோடு திரும்பினேன். பாதி கூடத் திரும்பியிருக்க மாட்டேன். பயிற்சியாளரின் கை என் மணிக்கட்டைப் பற்றி மீண்டும் அட்டையின் திசைக்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பிடியின் வலி அன்று இரவுவரை இருந்தது. துப்பாக்கியில் குண்டில்லை என்றேன். "இருக்கு" என்றார் அவர். திறந்து காட்டினேன், இல்லைதான். "இருக்குன்னுதான் வச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சுடுதளத்தின் விதிகள் அனைத்தும் அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து கிளைப்பவை. குழல்முனை எப்போதும் அட்டையின் பக்கம், கட்டை பொருந்தும்வரை விரல் விசைக்கு வெளியே, கீழே வைக்கும்போது திறந்த நிலை, குழலுக்குள் குண்டில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும்படி செருகிய வண்ணக் கயிறு, யாராவது அட்டை மாற்ற முன்னே போனால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை. அச்சத்தைத் தினந்தோறும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இடம் அது. ஆயுதத்தைப் பற்றிய கூச்சம் உள்ளவர்கள் இந்த விதிகளை மற்றவர்களைவிட விரைவில் கற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். உங்கள் தாத்தாவின் கதர் உங்களுக்கு அங்கே இடைஞ்சலாக இருக்காது. அதே சமயம், உறுத்தல் ஒருநாள் முற்றாகப் போய்விட்டால் அதற்காக நான் உங்களைப் பாராட்டவும் மாட்டேன்.

மகளுக்குத் துப்பாக்கி இப்போது வாங்க வேண்டாம். 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூல் அளவில்தான் இருக்கும். ஆகவே சட்டம் தடுக்காது. ஆனால் வளரும் பிள்ளையின் உள்ளங்கைக்கு இன்று செதுக்கிய மரப்பிடி அடுத்த ஆண்டு பொருந்தாது. தளத்தின் துப்பாக்கியிலேயே ஓராண்டு சுடட்டும். அவள் உங்களைவிட நன்றாகச் சுட்டதில் வியப்பில்லை. அவளுக்கு நிரூபிக்க ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் அவளைத் தின்பண்டத்தைத் தொட விடாதீர்கள். விரலில் ஒட்டியிருப்பது ஈயம்.

உங்கள் வயதைக் குறிப்பிட்டிருப்பதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வங்கியில் காசோலையைப் படிக்கக் கண்ணாடி போடத் தொடங்கிவிட்டீர்களா? நாற்பதைக் கடந்த கண் முன்கட்டையைத் தெளிவாகப் பிடிக்கத் திணறும். திணறினால் தன்னையறியாமல் தூரத்து அட்டைக்கு ஓடிவிடும். நீங்கள் மூன்று முறை கடிந்துகொள்ளப்பட்டதற்கு அர்ஜுனன் மட்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அடுத்த ஞாயிறன்று ஒரு டேப்பை எடுத்துச் செல்லுங்கள். சுடும் நிலையில் நின்று, கண்ணிலிருந்து முன்கட்டைவரை உள்ள தூரத்தை மகளை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைக் கண் மருத்துவரிடம் சொன்னால் வலது கண்ணுக்கு அந்தத் தூரத்துக்கான கண்ணாடி எழுதிக் கொடுப்பார். இடது கண்ணை இறுக்கி மூடாமல், கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தால் போதும்.

அன்புடன்.