எப்படி முடிவெடுத்தீர்கள், அதைக் காட்டுங்கள்

கேள்வி: சுயஉதவிக் குழுப் பெண்களிடம் பேட்டி எடுத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். "பேட்டிகளிலிருந்து நீங்கள் எடுத்த இந்தக் கருப்பொருள்கள் உங்கள் கற்பனை இல்லை என்று எப்படி நம்புவது?" என்கிறார் நெறியாளர். என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். ஆய்வு முறைகள் பற்றி எழுதிய லிங்கனும் கூபாவும் 1985-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள்: மூலத் தரவு முதல் கடைசி முடிவு வரை வந்த தடத்தை, வெளியாள் ஒருவர் தணிக்கை செய்யும்படி வைத்திருப்பது. அதற்கு ஒரு நோட்டு போதும், ஆனால் முடிவெடுத்த அன்றே எழுத வேண்டும், ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாமே ஒழுங்காக நடந்ததுபோல் தானாக மாறிவிடும். உதாரணமாக: "'கடன் பயம்', 'தவணை நாள் பதற்றம்' இரண்டையும் ஒன்றாக்கினேன். காரணம், இரண்டிலும் பெண்கள் பேசுவது பணத்தைவிட, குழுவில் தலைகுனிவதைப் பற்றித்தான். பேட்டி 7 மட்டும் பொருந்தவில்லை, தனியாக வைத்திருக்கிறேன்." அந்தக் கடைசி வரிதான் முக்கியம், பொருந்தாததை மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கைவிட்ட குறியீடுகளையும், அதாவது பேட்டிப் பகுதிகளுக்கு நீங்கள் வைத்த 'கடன் பயம்' போன்ற பெயர்களையும், அழிக்காதீர்கள், பழைய பட்டியலைத் தேதி போட்டுச் சேமியுங்கள். அப்புறம், வேறொருவர் படிக்கப்போகும் நோட்டு என்பதால் பெண்களின் பெயர் எங்கேயும் வேண்டாம், எண் மட்டும் போதும்.