அமைச்சர் மாறினால் என் காணி ஆட்சேபனை செல்லாமல் போகுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் காணியில் ஒரு பகுதியை வீதி அகலிப்புக்கு எடுக்கப்போவதாக, காணி எடுத்தற் சட்டத்தின் 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தது. உரிய காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபித்தேன். விசாரணைக்கு அழைக்குமுன் அமைச்சரவை மாறி, அந்த அமைச்சு வேறொன்றுடன் சேர்க்கப்பட்டது. இப்போது 'எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது' என்று கடிதம் வந்திருக்கிறது. ஜனாதிபதியின் முடிவு, வழக்குப் போட முடியாது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, வவுனியா

பதில்: இல்லை. உங்கள் ஆட்சேபனை இன்னும் செல்லும்.

ஜனாதிபதியே அமைச்சரவையின் தலைவர். எத்தனை அமைச்சுகள், எந்த விடயம் யாருக்கு என்பதை அரசியலமைப்பின் 43ஆம் உறுப்புரைப்படி அவர் தீர்மானிக்கிறார்; எந்நேரமும் மாற்றலாம். ஆனால் இத்தகைய மாற்றத்தால் அமைச்சரவையின் தொடர்ச்சியோ பாராளுமன்றத்துக்கு அது பொறுப்புக்கூறுவதோ அறுந்துபோகாது என்று அதே உறுப்புரை சொல்கிறது. அமைச்சர் போனாலும் அந்தப் பதவிக்குரிய கடமை அப்படியே இருக்கும்.

அமைச்சு இல்லாதொழிந்தால் அதன் செயலாளரும் பதவி இழப்பார். உங்கள் கோப்பு அந்த இடைவெளியில்தான் சிக்கியிருக்க வேண்டும். ஆட்சேபனையைக் கேட்கும் கடமையைச் சட்டம் செயலாளர் பதவிக்கே கொடுத்திருக்கிறது. ஆகவே புதிதாக வந்தவர் உங்களை அழைத்துக் கேட்டுப் பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். அதன் பின்னரே காணி அமைச்சர் தீர்மானிக்கலாம். ஜனாதிபதி விரும்பினார் என்பதற்காக இந்தப் படியைத் தாண்ட எவருக்கும் அதிகாரமில்லை. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களைக்கூட, அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தின் பின், சட்டமா அதிபரை எதிர்மனுதாரராக்கி அடிப்படை உரிமை மனுவில் கேள்விக்குட்படுத்தலாம். உங்களுக்கு அது தேவைப்படாது. காணி அமைச்சரையும் செயலாளரையும் எதிர்மனுதாரர்களாக்கி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யும் அல்லது அவர் கடமையைச் செய்யப் பணிக்கும் நீதிமன்றக் கட்டளை) கோருவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

விடயங்கள் ஒதுக்கப்பட்ட வர்த்தமானி அறிவித்தலில் உங்கள் வீதி இப்போது எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்று பாருங்கள். ஆட்சேபனையின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் இணைத்து, விசாரணை கேட்டு அந்தச் செயலாளருக்கு எழுதுங்கள். பதில் வரட்டும் என்று மட்டும் தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். அடிப்படை உரிமை மனுவும் போட நினைத்தால், அதற்கு ஒரு மாதமே அவகாசம். காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்று அறிவிக்கும் 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வெளிவந்துவிட்டால் எழுத்தாணை வழக்கும் கடினமாகும். கடிதத்தில் 38ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தால் காணியின் உடைமையை உடனடியாக எடுக்க முடியும். அப்படியானால் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.