நூறு ஒட்டகக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்லாத்துக்கு முந்தைய அரபு நாட்டைப் பற்றி எதைப் படித்தாலும் 'அரசு இல்லை, சட்டம் இல்லை, தொட்டதற்கெல்லாம் வாள்' என்றே எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வணிகக் கூட்டங்கள் எப்படிப் போய்வந்தன? மக்காவில் ஒருவன் இன்னொருவனைக் கொன்றால் யார் விசாரித்தார்கள்? அரபிகளுக்கு அரசர்களே இருந்ததில்லையா?

கே.எம்.

அன்புள்ள கே.எம்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அரசர்கள் தாராளமாகவே இருந்தார்கள். யமனில் ஹிம்யர் அரசு மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அண்டை அரசுகளான சபாவையும் ஹளரமௌத்தையும் விழுங்கி நின்றது. இராக் எல்லையில் ஹீராவை ஆண்ட லக்மியர்கள் பாரசீகத்தின் ஆட்கள். சிரிய எல்லையில் கஸ்ஸானியர்கள் ரோமின், அதாவது பைசாந்தியத்தின், ஆட்கள். இந்த அரசியல் முழுவதையும் ஒரே கல்லில் பார்க்கலாம். அபிசீனியப் படையோடு வந்து யமனைப் பிடித்துக்கொண்ட ஆப்ரஹா, 548இல் மஃரிப் அணை உடைப்பைச் சரிசெய்து கல்வெட்டு வைத்தான். வேலையாட்களுக்குச் செலவான மாவு, இறைச்சி, பேரீச்சை எல்லாம் அதில் கணக்கோடு இருக்கிறது. வேலையின் நடுவே கொள்ளைநோய் வந்ததும் இருக்கிறது. வந்த தூதர்களின் பட்டியலில் அபிசீனியா, ரோம், பாரசீகம், ஹீராவின் முன்திர், கஸ்ஸானின் ஹாரித் என எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். அந்த முன்திரை இந்த ஹாரித் ஆறு ஆண்டு கழித்து, 554இல், போரில் கொன்றான்.

நீங்கள் படித்த நூல்கள் சொல்வது மக்கா இருக்கும் மேற்கு அரேபியப் பகுதியான ஹிஜாஸைப் பற்றி. அங்கே அரசன் இல்லை என்பது உண்மை. மக்காவில் தாருந் நத்வா என்ற மன்றம் இருந்தது, குலப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பேசி எடுத்த முடிவை ஒப்புக்கொள்ளாத குலத்தின் மேல் திணிக்க அவர்களிடம் ஆள் கிடையாது, சிறையும் கிடையாது. ஆனால் சட்டம் இல்லை என்பது தவறு. மிகக் கறாரான சட்டம் இருந்தது. அது தனி ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கொன்றவன் யார் என்பதைவிட எந்தக் குலத்தான் என்பதே முதல் கேள்வி.

புகாரியின் ஹதீஸ் தொகுப்பில், நபியின் உறவினரான இப்னு அப்பாஸ் சொன்னதாக ஒரு வழக்கு இருக்கிறது. ஹாஷிம் குலத்து ஆள் ஒருவன் மக்காவின் குறைஷியரில் வேறொரு கிளையைச் சேர்ந்தவனிடம் கூலிக்கு ஒட்டகம் ஓட்டிப் போகிறான். வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு ஹாஷிம் குலத்தானின் பை வார் அறுந்திருக்கிறது. கட்டிக்கொள் என்று ஒட்டகத்தின் கால் கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்துவிடுகிறான். இரவு தங்கும் இடத்தில் எல்லா ஒட்டகத்துக்கும் கட்டு இருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் இல்லை. முதலாளி கயிறு எங்கே என்று கேட்டுத் தடியால் அடிக்கிறான். அடி உயிருக்கே உலையாகிறது. சாகும் முன் அவன் அவ்வழியே வந்த யமன்காரர் ஒருவரிடம், 'ஹஜ்ஜுக்குப் போனால் எங்கள் குலத் தலைவர் அபூதாலிபைத் தேடி, ஒரு கயிற்றுக்காக இன்னார் என்னைக் கொன்றான் என்று சொல்லுங்கள்' என்கிறான். ஊர் திரும்பிய முதலாளியோ, நோய் கண்டு இறந்தான், நன்றாக அடக்கம் செய்தேன் என்று சொல்லிவிடுகிறான்.

சேதி வந்ததும் அபூதாலிப் மூன்று வழி வைக்கிறார். நூறு ஒட்டகம் உயிரீடாகக் கொடு. அல்லது, நீ கொல்லவில்லை என்று உன் குலத்தார் ஐம்பது பேர் சத்தியம் செய்யட்டும். இரண்டும் இல்லையென்றால் உன்னைக் கொல்வோம். அவன் குலத்தார் சத்தியத்துக்கு ஒப்புகிறார்கள். அவர்களில் ஒருவர் அபூதாலிபிடம் வந்து, 'ஐம்பது பேருக்கு நூறு ஒட்டகம் என்றால் தலைக்கு இரண்டு. இதோ என் இரண்டு, என்னைச் சத்தியத்திலிருந்து விட்டுவிடுங்கள்' என்கிறார். அபூதாலிப் வாங்கிக்கொள்கிறார். அந்தக் குலத்தில் வாழ்க்கைப்பட்ட ஹாஷிம் குலப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டதால் அவள் மகனுக்கும் விலக்கு. மிச்சம் 48 பேர் சத்தியம் செய்தார்கள். ஆண்டு திரும்புவதற்குள் அவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை என்று முடிக்கிறார் இப்னு அப்பாஸ்.

அந்த இரண்டு ஒட்டகக்காரரைக் கவனியுங்கள். அடித்தது அவர் இல்லை, பார்த்ததும் இல்லை. ஆனாலும் கடனில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு முரடன் செய்யும் கொலைக்கு ஐம்பது வீட்டு மந்தை குறையும் என்றால், அவனை அடக்கிவைக்கும் வேலையை அந்த ஐம்பது வீடுமே பார்க்கும். காவலர் இல்லாத ஊரின் காவல் இதுதான். அடங்காதவனைக் குலம் பலர் கூடும் இடத்தில் கைகழுவி அறிவிக்கும். அதன்பிறகு அவனை யார் கொன்றாலும் கேட்க நாதியில்லை. ஷன்ஃபரா போன்ற பாலைவனக் கொள்ளைக்காரக் கவிஞர்கள் இப்படிக் குலத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள்.

வணிகக் கூட்டங்களும் இதே கயிற்றில் நடந்தவைதான். போகும் வழியில் உள்ள குலங்களோடு உடன்படிக்கை, புனித மாதங்கள் நான்கில் போர் நிறுத்தம், அந்த மாதங்களை ஒட்டி உக்காள் போன்ற சந்தைகள்.

எங்கே பிசகும்? ஒன்று, ஈட்டை வாங்க மறுத்தால். பக்ர் குலத்தான் ஒருவன் தக்லிப் தலைவன் குலைபைக் கொன்றதற்கு அவன் தம்பி முஹல்ஹில் எந்த ஈட்டுக்கும் இறங்கிவரவில்லை. பக்ரும் தக்லிபும் நாற்பது ஆண்டு அடித்துக்கொண்டன என்பார்கள். நாற்பது என்பது கதைசொல்லிகளின் எண், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, உள்ளூரில் குலம் இல்லாதவன். மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்த யமன் வணிகர் ஒருவருக்கு ஸஹ்ம் குலத்து ஆஸ் இப்னு வாயில் பணம் தராமல் இழுத்தடித்தார். வணிகர் அபூகுபைஸ் மலையில் ஏறி, கஅபாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த குறைஷியர் காதில் விழும்படி கவிதையாகவே முறையிட்டார். அப்போதுதான் ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலிய குலங்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதிக்கு ஆளானவன் வெளியூரானாலும் அவன் பக்கம் நிற்போம் என்று உறுதி எடுத்தன. பணமும் வந்தது. பெரும் பணக்காரக் குலங்களான மக்ஸூமும் அப்து ஷம்ஸும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஏன் என்று யூகிப்பது கடினமில்லை.

நபியின் மக்கா வாழ்க்கையை இந்தச் சட்டம் தெரியாமல் படித்தால் பாதி புரியாது. நபியும் ஹாஷிம் குலத்தவர்தான். அவரைக் காத்துவந்த பெரிய தந்தை அபூதாலிப் இறந்து, குலத் தலைமை அவரை எதிர்த்த அபூலஹபிடம் போனபின், தாயிஃபிலிருந்து திரும்பியவர் மக்காவுக்குள் நுழைய இன்னொருவரின் அடைக்கலம் தேவைப்பட்டது. அக்னஸ் இப்னு ஷரீக் மறுத்தார்: நான் ஒப்பந்தத்தால் சேர்ந்தவன், ஒப்பந்தக்காரன் மூலக் குலத்தை மீறி அடைக்கலம் தர முடியாது. ஸுஹைல் இப்னு அம்ரும் மறுத்தார்: ஆமிர் கிளைக்கு கஅப் கிளையை எதிர்த்து அடைக்கலம் தரும் உரிமை இல்லை. இரண்டுமே சாக்கு என்று தோன்றலாம். ஆனால் சட்டப்படி சரியான சாக்கு. கடைசியில் நவ்ஃபல் குலத்து முத்இம் இப்னு அதீ, தன் மகன்களுக்கு ஆயுதம் கொடுத்து கஅபாவில் நிறுத்தி அடைக்கலத்தை அறிவித்தார். அவர் இஸ்லாத்தை ஏற்றவர் அல்ல.

622இல் நபியைக் கொல்லக் குறைஷியர் வகுத்த திட்டமும் இதே கணக்குதான். குலத்துக்கு ஓர் இளைஞன், ஆளுக்கு ஒரு வாள், எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டுவது என்று அபூஜஹ்ல் யோசனை சொன்னார். பழி எல்லாக் குலத்துக்கும் பிரிந்துவிடும்; அத்தனை பேரோடும் போரிட முடியாத உறவினர் உயிரீட்டை வாங்கிக்கொள்வார்கள்; அதை எல்லாருமாகக் கட்டிவிடலாம்.

திட்டம் பலிக்கவில்லை, நபி யஸ்ரிப், அதாவது மதீனா, போய்ச் சேர்ந்தார். அங்கே எழுதப்பட்ட உடன்படிக்கையின் தொடக்க வரிகளைப் பாருங்கள். குறைஷியிலிருந்து வந்தவர்கள் தமக்குள் பழைய முறைப்படியே உயிரீட்டைக் கட்டிக்கொள்வார்கள் என்று சொல்லி, அவ்ஃப், ஸாயிதா, ஹாரித், ஜுஷம், நஜ்ஜார் என்று குலம் குலமாக அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. புதிதாகச் சேர்ந்தது, உங்களுக்குள் தீராத வழக்கு முஹம்மதிடம் வரவேண்டும் என்பது.