வாங்கும் முன் கேளுங்கள்: இரண்டு சர்வர், ஒரு வட்டுப்பெட்டி

கே: எங்கள் மொத்த வியாபார நிலையத்துக்கு இரண்டு சர்வர்களும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வட்டுப்பெட்டியும் வாங்கினோம். சர்வர் ஒவ்வொன்றிலும் ரெய்ட் அட்டை (பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக ஆளும் அட்டை) உண்டு. ஒன்று நின்றாலும் மற்றது தொடரும் என்றார்கள். பத்தாம் நாள் இருப்புக் கணக்கு திறக்கவில்லை. மென்பொருளின் பிழை என்கிறார் கடைக்காரர். — புறக்கோட்டை

ப: மென்பொருள் பாவம். சாதாரண ரெய்ட் அட்டை, தன் கண்ணில் படும் வட்டுகள் எல்லாம் தனக்கே சொந்தம் என்று நினைக்கும். எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் சற்று வைத்திருந்து பிறகுதான் வட்டுக்கு அனுப்பும். அங்கே என்ன இருக்கிறது என்பது பக்கத்துச் சர்வரின் அட்டைக்குத் தெரியாது. ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். ரெய்ட் வேலை பெட்டிக்குள் நடந்திருக்க வேண்டும்: அதில் வட்டுகளை ஆளும் இரண்டு கொன்ட்ரோலர்கள், ஒன்றின் நினைவகத்தில் இருப்பதன் நகல் மற்றதில். சர்வர்களுக்கு ரெய்ட் இல்லாத வெறும் இணைப்பு அட்டை போதும்.

இது தெரிந்திருக்க வேண்டியவர் விற்றவர், நீங்கள் அல்ல. முதலில் வட்டுகளில் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். பற்றுச்சீட்டையும் விலைக்கூற்றையும் பிரதி எடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் வழி கேட்கலாம், கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள்.

கே: பொதுப் பெட்டிக்குள் சாஸ் வட்டுக்குப் பதிலாக, விலை குறைந்த சாட்டா வட்டு போடலாமா? — வெள்ளவத்தை

ப: சாஸ் வட்டுக்குக் கொன்ட்ரோலருக்கு ஒன்றாக இரண்டு வாசல், சாட்டா வட்டுக்கு ஒரே வாசல். இரண்டாவது கொன்ட்ரோலர் தெருவில் நிற்கும்.

கே: மலிவாகக் கிடைத்ததென்று 12 கிகாபிட் சாஸ் அட்டை வாங்கினேன். பழைய பெட்டியின் கேபிள் அதில் ஏறவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுப்பது நியாயமா? — தெஹிவளை

ப: நியாயம்தான். நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். 6 கிகாபிட் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் 8088 வகை வாய், 12 கிகாபிட் அட்டைகளில் 8644. ஒரு முனை இதுவும் மறுமுனை அதுவுமான கேபிள் விற்கிறார்கள், வாங்கிப் பூட்டுங்கள். வேகம் 6 தான் கிடைக்கும். செருப்புக்கூட அளவு பார்த்துத்தானே வாங்குகிறோம்?

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. சாஸுக்கு முந்திய ஸ்கஸி இணைப்புக் காலத்தில் ஒரே கேபிளில் இரண்டு சர்வர்களை இணைத்துவிட்டு, இரண்டும் ஏன் முடங்குகின்றன என்று இரண்டு இரவு விழித்திருந்தேன். இரண்டு அட்டைகளும் தங்கள் இலக்கம் 7 என்றே வந்திருந்தன. ஒன்றை 6 ஆக்கியதும் எல்லாம் ஓடியது. அதற்குள் குற்றமற்ற ஒரு கேபிளைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றும் வாங்கியிருந்தேன்.

கே: இரண்டு மாதமாகச் சேமிப்புப் பெட்டி நத்தையாக ஊர்கிறது. பற்றரி பற்றி ஏதோ எச்சரிக்கை வருகிறது. அமைப்பை மாற்றி வேகமாக்கித் தருவதாக விற்றவர் சொல்கிறார். வாங்கும்போதே ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒட்டியிருந்தது. — கொட்டாஞ்சேனை

ப: அவரைத் தொட விடாதீர்கள். தரவு வட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே ‘எழுதியாயிற்று’ என்று கொன்ட்ரோலர் சர்வரிடம் சொல்லிவிடும். வேகம் அந்தச் சின்னப் பொய்யில் இருக்கிறது. மின்சாரம் போனால் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவது பற்றரி. அது செத்ததும் ஒழுங்கான கொன்ட்ரோலர் பொய்யை நிறுத்தி, ஒவ்வொன்றையும் வட்டில் பதித்த பிறகே பதில் சொல்கிறது. உங்கள் பெட்டி ஊர்வது அதனால்தான். விற்றவர் செய்யப்போவது, பற்றரி இல்லாமலே பொய்யைத் தொடரச் சொல்வது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ!

அந்த ஒட்டுத்தாளைக் கண்டாலே எனக்கு எரிகிறது. பம்பலப்பிட்டியில் நானும் ஒன்று வாங்கினேன். மூடியைக் கழற்றினால் பற்றரி பொரித்த அப்பளம்போல் உப்பிக் கிடந்தது. பக்கத்தில் வெப்பத் தகடு மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது. புதுப்பித்தது அதைத்தான். பற்றரி தேயும் பொருள், சில வருடங்களில் மாற்றியே ஆகவேண்டும். அதை மாற்றாமல் ‘புதுப்பித்தேன்’ என்று பணம் வாங்குபவர், எண்ணெய் மாற்றாமல் வாகனத்தைக் கழுவிக் கொடுப்பவர். கடையிலேயே மின்சாரம் கொடுத்து, பற்றரியின் நிலையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். மின்தேக்கியும் பிளாஷ் நினைவகமும் கொண்ட மாதிரி கிடைத்தால் சற்றுக் கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள். மின்சாரம் போனதும் நினைவகத்தில் உள்ளதை அது பிளாஷுக்கு மாற்றிவிடும். எத்தனை நாள் இருட்டில் கிடந்தாலும் கவலையில்லை. இப்போதைக்குப் புதிய பற்றரியைப் பற்றுச்சீட்டுடன் வாங்கிப் போடுங்கள்.

கே: இரண்டு சர்வர்கள், ஒற்றைக் கொன்ட்ரோலர் பெட்டி. ‘எது பழுதானாலும் சேவை நிற்காது’ என்கிறார் முகவர். நம்பலாமா? — கொள்ளுப்பிட்டி

ப: வேண்டாம். அந்த ஒற்றைக் கொன்ட்ரோலர் நின்றால் இரண்டு சர்வர்களும் வெறுங்கையோடு நிற்கும். இரட்டைக் கொன்ட்ரோலருக்கு விலைக்கூற்றுக் கேளுங்கள். விண்டோஸ் என்றால், இரண்டு சர்வர்களும் ஒரே குழுவாக இயங்குமா என்று பார்க்கும் கிளஸ்டர் சரிபார்ப்பு அறிக்கையையும் அச்சிட்டு வாங்குங்கள். வட்டில் எழுதும் உரிமை எந்தச் சர்வருக்கு என்று குறித்துவைக்கும் ஸ்கஸி-3 முன்பதிவைப் பெட்டி ஏற்கிறதா என்று அதில் தெரியும். பிறகு, ஒரு பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதே, முகவர் தம் கையால் ஒரு கொன்ட்ரோலரை உருவட்டும். அவர் தயங்கினால் காசோலையில் கையொப்பம் இடாதீர்கள்.