எது கெட்டது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: அரபு இலக்கியம் படிக்கிறேன். ஆஜின், ஆஸின், கம்ம, ஸல்ல, தஃபர் என்று எதைத் தேடினாலும் செல்பேசி அகராதி ‘துர்நாற்றம்’, ‘கெட்டுப்போதல்’ என்றே காட்டுகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: சொல்லுக்குப் பொருள் தேடுமுன், கெட்டுப்போன பண்டம் எது என்று பாருங்கள். நம் வீட்டில் குழம்பு ஊசிப்போகிறது, எண்ணெய் காறிப்போகிறது, முட்டை கூமுட்டையாகிறது. முட்டை காறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அரபும் அப்படித்தான். சமைத்த இறைச்சி நாறினால் கம்ம, பச்சை இறைச்சி என்றால் ஸல்ல. எண்ணெயும் கொழுப்பும் காறினால் ஸனிக. கூமுட்டைக்கு மதிர. ஈரானின் நிஷாப்பூர்க்காரரான அரபு மொழியறிஞர் ஸஆலிபி (இறப்பு 1038) ‘ஃபிக்ஹுல் லுகா’ என்ற சொற்பொருள் நூலில் இப்படிப் பண்டவாரியாகவே பிரித்துவைத்திருக்கிறார். தண்ணீர் மாறிப்போயிருந்தாலும் குடிக்க முடிந்தால் ஆஜின். நாற்றத்தால் வாயில் வைக்கவே முடியாவிட்டால் ஆஸின் என்கிறார்.

நீங்கள் கேட்டவற்றில் தஃபர்தான் வில்லங்கமானது. தமிழில் எழுதும்போது ஒன்றாகத் தெரியும் இது, அரபில் இரண்டு சொற்கள். தால் எழுத்துக்கு மேல் புள்ளி இல்லாவிட்டால் நாற்றம் மட்டுமே. உலக வாழ்வை இகழ்ந்து ‘உம்மு தஃப்ர்’, அதாவது நாற்றத்தின் தாய் என்பார்கள். அது இந்தச் சொல். புள்ளி இருந்தால் மூக்கைத் துளைக்கும் வாசனை என்று பொருள். நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அக்குளுக்குச் சொன்னால் நாற்றம், கஸ்தூரிக்குச் சொன்னால் நறுமணம். இந்தப் புள்ளியுள்ள சொல்லிலிருந்து வந்த ‘மிஸ்க் அத்ஃபர்’ (மணம் கமழும் கஸ்தூரி) என்பதை ‘நாறும் கஸ்தூரி’ என்று மொழிபெயர்த்த விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். பழந்தமிழில் நாற்றம் நறுமணத்தையும் குறித்தது. இன்று அப்படி எழுதினால் யாருக்குப் புரியும்?

அந்த மாணவர் படித்தது, அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சடித்த ஒரு கைப்புத்தகம். தயவுசெய்து அப்படிப்பட்ட புத்தகங்களை வாங்காதீர்கள். புள்ளியே போய்விட்ட பிறகு எந்தச் சொல் என்று எப்படித் தெரியும்? பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பு வாங்கி விற்கும் தரகர்களும் இப்படித் தமிழ் எழுத்தில் மட்டும் உள்ள சொற்பட்டியல்களைத்தான் மாணவர்கள் கையில் கொடுத்து வேலை வாங்குகிறார்கள். தவறு வந்தால் பழி மாணவர்மேல்.

தேர்வுகளும் இதற்குத் துணைபோகின்றன. ‘ஒரே பொருள் தரும் ஐந்து சொற்கள் எழுதுக’ என்று கேட்டு, கம்ம, ஸல்ல இரண்டையும் ஒரே வரியில் எழுதியவருக்கு முழு மதிப்பெண் தருகிறார்கள். பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், கேள்வித்தாள் மாறவில்லை. தேர்வுக்கு அவர்கள் கேட்பதை எழுதிவிடுங்கள். உங்கள் குறிப்பேட்டில் மட்டும் பண்டத்தை முதலில் எழுதி, அதன் எதிரே சொல்லை அரபு எழுத்தில், புள்ளியோடு எழுதுங்கள். குர்ஆனின் 47:15 வசனம் சொர்க்கத்து ஆறுகளின் நீரை ‘ஆஸின் ஆகாதது’ என்கிறது. ‘தண்ணீர்’ என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக அதையே எழுதுங்கள்.